வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

அந்த அட்டைப்பெட்டிகள் எங்கள் பள்ளி பீரோவில் ஏழு மாதம் பூட்டிக் கிடந்தன. பூட்டியவன் நான்தான்.

திருட்டுப் பயம் ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தவை படம் போட்ட வாசிப்பு அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன்னால் முடிகிற நிலையிலுள்ள அட்டையை எடுத்துத் தானே படித்துப் பழக வேண்டும் என்று அந்த ஆண்டு ஒரு புதுத் திட்டம் வந்திருந்தது. அட்டை கிழிந்தாலோ தொலைந்தாலோ பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். ஆகவே, பிள்ளைகளிடமிருந்து அட்டைகளைக் காப்பாற்றுவது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன். அதிகாரி வரும் நாளில் மேஜைமேல் பரப்புவேன். அவர் போனதும் எண்ணிப் பார்த்து உள்ளே வைப்பேன். இதற்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

போன மாதம் அதே பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை ஃபோன் செய்தார். இப்போது கைக்கணினியில் பிள்ளைகளின் வாசிப்பைப் பதிவு செய்யும் திட்டம் வந்திருக்கிறதாம். “சார், நீங்க எவ்வளவோ ஸ்கீம் பார்த்திருப்பீங்க. அதுல எது சார் நின்னுச்சு?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மேற்கு மாம்பலத்தில் காய்கறி வாங்கப் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முப்பத்து மூன்று வருடம் ஆசிரியராக இருந்தேன். பயிற்சிப் பள்ளியில் கற்றதில் இன்றும் கையில் ஒட்டியிருப்பது ஒன்றுதான், கரும்பலகையில் கோடு சாயாமல் எழுதுவது. முதல் சில வருடங்கள் அங்கும் இங்கும் இருந்துவிட்டு மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அரசுத் தொடக்கப்பள்ளிக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஐந்தாம் வகுப்பு என்னுடையது. என் பெயர் சுந்தரேசன் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘கையெழுத்து சார்’ என்றால் தெரியும். என் வகுப்பு நோட்டுகள் முத்து முத்தாக இருக்கும். பார்வைக்கு வருகிற எந்த அதிகாரியும் அந்த நோட்டுகளைப் புரட்டாமல் போனதில்லை.

எனக்கு ஐம்பது வயதாகும்போது பூங்கோதை எங்களுக்குத் தலைமையாசிரியையாக மாற்றலாகி வந்தார். கொட்டிவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். மெல்லிய குரல். பிரார்த்தனைக் கூட்டத்தில்கூட மைக் இல்லாமல்தான் பேசுவார். அதனால் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

அவர் வகுப்பைப் பார்க்க வரும் விதமே வேறு. வாசலில் நின்று, “உள்ள வரலாமா சார்?” என்று கேட்பார். நான் வரச் சொன்ன பிறகுதான் வருவார். கையில் நோட்டு, பேனா எதுவும் இருக்காது. பாடத்திட்டக் குறிப்பைக் கேட்க மாட்டார். கடைசி வரிசையில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை செய்வதையெல்லாம் தானும் செய்வார். அது எழுதினால் எழுதுவார், சும்மா இருந்தால் சும்மா இருப்பார். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார். எங்களுக்கு இது பெரும் அவஸ்தையாக இருந்தது. திட்டுகிற தலைமையாசிரியரை எங்களுக்குத் தெரியும், பாராட்டுகிறவரையும் தெரியும். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வந்த இரண்டாம் வாரம் அவர் பீரோவைத் திறக்கச் சொன்னார். அட்டைகள் அச்சகத்து வாசனை மாறாமல் இருந்தன.

“ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கீங்க சார்” என்றார். நான் கொஞ்சம் பெருமையாகவே தலையசைத்தேன். இருப்புப் பதிவேட்டை வாங்கி, நின்றபடியே ஒரு வரி எழுதினார். ‘மாணவர்கள் பயன்படுத்துவதால் தேயும், கிழியும் அட்டைகளுக்குத் தலைமையாசிரியரே பொறுப்பு.’ கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

“புதுசாவே இருக்கிறதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு. ஏன் ஒண்ணுகூடக் கிழியலன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?”

அன்றே அட்டைகள் வகுப்புகளுக்குப் போயின. அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. நான் அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, “இதை அழகாப் பார்த்து எழுதுங்க” என்றேன். புதுத் திட்டத்தையும் கையெழுத்துப் பயிற்சியாக்கிவிட்டேன். மூன்றாம் வகுப்பு நிர்மலா டீச்சர் ஒருபடி மேலே போய், அட்டையைத் தானே உரக்கப் படித்து வகுப்பு முழுவதையும் திருப்பிச் சொல்ல வைத்தார். நாங்கள் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. எங்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்தோம்.

பூங்கோதை எங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்து பிள்ளைகள் போன பிறகு, இருபது நிமிடம் மட்டும் என் வகுப்பறையில் உட்காரச் சொன்னார். ஏழு ஆசிரியர்கள் உட்கார்ந்தோம். இந்த வாரம் தனக்குச் சரியாக வராத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லலாம், விருப்பமில்லாவிட்டால் சும்மா இருக்கலாம் என்றார். எதையும் எழுதி வைக்கக் கூடாது. கேட்காமல் யாரும் யோசனை சொல்லக் கூடாது.

“முதல்ல நான் சொல்றேன். நிர்மலா டீச்சர் லீவ்ல இருந்தப்ப அவங்க கிளாஸ்ல கடன் வாங்கிக் கழித்தல் எடுத்தேன். ‘கடன் வாங்கினா திருப்பித் தரணுமே, எப்ப டீச்சர் தருவோம்?’னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. ‘பேசாம எழுது’ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அந்தப் பீரியட் முழுக்க வாயே திறக்கல.”

நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்ததும் நிர்மலா டீச்சர் என் காதில் சொன்னார்: “நம்ம வாயைப் பிடுங்குறாங்க சார். நாளைக்கு ரிப்போர்ட்ல எழுதுவாங்க பாருங்க.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரமும் பூங்கோதை மட்டும் பேசினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தான் தோற்ற கதைகளை அவர் சரக்கு தீராமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் வாசிப்பு நிலைப் படிவம் வந்தது. யார் எழுத்து நிலையில், யார் சொல் நிலையில், யார் சரளமாகப் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் குறித்து அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் மேஜையில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்து அரைமணி நேரத்தில் போட்டு முடித்துவிடுவோம். பூங்கோதை ஒரு முறை வைத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட வேண்டும். இருவருக்கும் ஒரே உயர நாற்காலி. அந்தப் பிள்ளை இதற்கு முன் பார்க்காத அட்டை. பிள்ளை தடுமாறினால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பல வருடங்களாகப் பிள்ளைகள் படிக்க வேண்டிய சொற்களையெல்லாம் மூன்று எண்ணுவதற்குள் நானே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரெஹானாவைக் கடைசியாகக் கூப்பிட்டேன். என் வகுப்பின் முதல் நோட்டு அவளுடையது. அதிகாரிகள் கையில் நான் எடுத்துக் கொடுக்கும் நோட்டு. ‘சரளம்’ என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே டிக் போட்டிருந்தேன்.

அட்டையில் ஒரு படகும் அதில் ஓர் ஆடும் இருந்தன. “ஒரு படகு. படகில் ஓர் ஆடு. ஆடு ஊருக்குப் போகிறது” என்று தடங்கலில்லாமல் சொன்னாள். அட்டையில் எழுதியிருந்தது அது அல்ல. ‘ஆட்டுக்குத் தண்ணீர் என்றால் பயம்’ என்று இருந்தது. படத்தைப் பார்த்து அவளாகச் சொன்னாள். ‘பயம்’ எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றேன். ‘தண்ணீர்’ மேல் விரலை வைத்தாள்.

ஒரு வெள்ளைத் தாளில் படமில்லாமல் மூன்று சொற்களை எழுதிக் கொடுத்தேன். ரெஹானா தாளைப் பார்த்தாள். பென்சிலை எடுத்து, நான் எழுதியதற்குக் கீழே அதே மூன்று சொற்களை எழுதினாள். என் எழுத்தைவிட அழகாக இருந்தன.

“படிக்கத்தான்மா சொன்னேன்.”

அவள் முகம் வெளிறியது. “இன்னும் அழகா எழுதட்டா சார்?” என்றாள்.

அவள் வீட்டில் அப்பா மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஜரி வேலை செய்கிறவர். பார்த்ததை அப்படியே போடும் கை அவளுக்கு. எழுத்துகளைப் பூவேலைபோலப் போட்டிருக்கிறாள். பாடங்களை மற்றவர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். நான் ‘வெரி குட்’ போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

இரண்டு நாள் அந்தப் படிவத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். டிக்கை அழிப்பதா வேண்டாமா? அழித்தால் ஒரு கட்டம்தான் மாறும். ஆனால் அந்த நோட்டை எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன்! வெள்ளிக்கிழமை வந்தது. பூங்கோதை வழக்கம்போல ஆரம்பிக்க வாயெடுத்தபோது, “இன்னிக்கு நான் சொல்றேன் மேடம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. படகிலிருந்து அந்த வெள்ளைத் தாள்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு நிர்மலா டீச்சர் சொன்னார்: “மூணாவதுல அவ என் கிளாஸ் சார். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு. நோட்டு நல்லா இருந்ததால மேல அனுப்பிட்டேன்.”

பூங்கோதை எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. “நாங்க ஏதாவது சொல்லணுமா சார், கேட்டா மட்டும் போதுமா?” என்றார்.

“சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தோணல.”

யோசனை சொன்னது நிர்மலா டீச்சர்தான். “அவங்க வீட்ல உருதுதான் பேசுவாங்க. கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சாலும், வந்த வார்த்தை அவளுக்குச் சொந்தமா இருக்காது. அவ வீட்டு வார்த்தைகளைத் தமிழ் எழுத்துல எழுதிக் கொடுத்துப் பாருங்களேன். மனப்பாடத்துல இருக்காது, படிச்சே ஆகணும். படிச்சா உடனே புரிஞ்சிடும்.”

இவரா இருபது நாளுக்கு முன் என் காதில் முணுமுணுத்தவர் என்று பார்த்தேன். இந்த யோசனை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பக்கத்து அறையில் இத்தனை வருடம் இருந்திருக்கிறது. நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை ரெஹானாவின் அம்மாவை வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா சார் சொல்றீங்க? நோட்டு பூரா வெரி குட்டு வாங்கிக்கினு வர்றா. சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டிக்கினு கீறோம். இப்ப வந்து படிக்க வராதுன்னா இன்னா அர்த்தம்?”

“தப்பு என்னோடதும்மா. நான் எழுத்தைத்தான் பார்த்தேன், படிக்கிறாளான்னு பார்க்கல.”

ஒரு வாத்தியார் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை போலும். “இப்ப நான் இன்னா பண்ணணும் சார்?” என்றார், குரல் இறங்கி.

“உங்க வீட்டு வேலைல பேசுற வார்த்தைங்க பத்து சொல்லுங்க.”

நூல், ஊசி, மணி என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று சொன்னார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். மறுநாள் ஒரு தாளில் முதல் சொல்லை எழுதி ரெஹானா முன் வைத்தேன். அவள் கை பென்சிலைத் தேடிப் போயிற்று. பென்சிலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மனசுக்குள் எண்ணினேன். பத்தைத் தாண்டிவிட்டது.

“தா...” என்றாள். பிறகு, “கா...” இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். சட்டென்று நிமிர்ந்தாள். “தாகா! சார், இது எங்க வூட்டு நூலு!”

அடுத்த சொல்லை அவளே இழுத்துக்கொண்டாள். மோத்தி. மணி. அன்று நான்கு சொற்கள் படித்தாள். நான் அவற்றுக்கு மார்க் எதுவும் போடவில்லை.

படிவத்தைத் திருத்தி எழுதினேன். மற்றவர்களும் திருத்தினார்கள். பூங்கோதை கையெழுத்திட்டு அனுப்பினார். முந்தைய ஆண்டு மேலே இருந்த பிள்ளைகளில் பலர் இந்த ஆண்டு கீழே இருந்தார்கள். எதிர்பார்த்தபடியே அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்தாம் வகுப்புதான் அதிகம் இறங்கியிருந்ததால் நானும் கூடப் போனேன்.

அதிகாரி படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினார். “மத்த ஸ்கூல் எல்லாம் ஏறுது. உங்க ஸ்கூல் மட்டும் எப்படிம்மா இறங்குது?”

“இறங்கல சார். போன வருஷம் நாங்க எழுதினதுதான் தப்பு.”

“அதை எழுத்துல தருவீங்களா?”

“தரேன் சார்.”

பூங்கோதை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மொத்தம் நான்கு வரிகள். முந்தைய பதிவுகள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்காமல் எழுதப்பட்டவை, இப்போதையவை ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லி எழுதப்பட்டவை, யார் வேண்டுமானாலும் எந்த நாளும் வந்து சரிபார்க்கலாம், பொறுப்பு தன்னுடையது. அந்த நான்கு வரியில் எந்த ஆசிரியர் பெயரும் இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது, “உங்களுக்குப் பயமா இல்லையா மேடம்?” என்று கேட்டேன். “இருக்கு சார். காலைல சாப்பிடவே முடியல” என்றார். லஸ் முனையில் இறங்கி இருவரும் இட்லி சாப்பிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி சொல்லாமல் வந்தார். படிவத்தை வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார். முடியாது என்று நாங்கள் எழுதியவர்களுக்கு முடியவில்லை, முடியும் என்று எழுதியவர்கள் படித்தார்கள். ரெஹானாவுக்குச் ‘சொல் நிலை’ என்று போட்டிருந்தேன். அவர் கொடுத்த அட்டையில் சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். வாக்கியமாக வரவில்லை. எனக்கு வெட்கமாக இல்லை. மேஜைமேல் அட்டைகள் முனை மடங்கி, சோற்றுக்கறையோடு கிடந்தன. அவற்றையும் புரட்டிப் பார்த்தார்.

கேட் வரை போனவர் நின்று கேட்டார்: “வெள்ளிக்கிழமை ஏதோ உட்கார்ந்து பேசுறீங்களாமே. நான் வந்தா பேசுவாங்களா?”

“பேச மாட்டாங்க சார்” என்றார் பூங்கோதை.

அதிகாரி சிரித்துவிட்டார். அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

ரெஹானா அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கதை அட்டையை முழுதாகப் படித்தாள். மெதுவாகத்தான். நடுவில் இரண்டு இடத்தில் தவறு. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனபோது அவள் நோட்டுகளில் கையெழுத்து கொஞ்சம் கெட்டிருந்தது. யோசித்து எழுதுகிற பிள்ளையின் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான்கு வருடத்தில் பூங்கோதைக்கு மாற்றல் வந்தது. அவருடைய இடத்துக்கு வந்தவர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். முதல் வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகும் நாங்கள் போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலில் வந்து நின்றார்.

“என்ன மீட்டிங் இது? யார் பெர்மிஷன் கொடுத்தது?”

என் பக்கம் எல்லோரும் பார்த்தார்கள். வயதில் மூத்தவன் நான்தான். “மீட்டிங் இல்ல சார். இந்த வாரம் எனக்குச் சரியா வராததைச் சொல்லிக்கிட்டிருக்கேன். உட்காருங்க” என்றேன்.

நிர்மலா டீச்சர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். புதிய தலைமையாசிரியர் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். அந்த வாரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மூன்று வாரமும் வந்தார், பேசவில்லை. ஐந்தாவது வாரம் ஃபைல் இல்லாமல் வந்தார். நிர்மலா டீச்சர் சொல்லி முடித்த பிறகு, தொண்டையைச் செருமினார்.

“நேத்து ஒரு பையனை எல்லார் முன்னாடியும் முட்டாள்னு சொல்லிட்டேன். இன்னிக்கு அவன் ஸ்கூலுக்கு வரல.”

சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருந்தார்கள், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.